பதினொன்றுக்குத் தகுதியில்லாத லேப்டாப்

காலைக் காப்பிக்கும் குளியலுக்கும் நடுவில் எனக்கு முக்கால் மணி நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் செல்போனில் தொழில்நுட்பச் செய்திகள் படிப்பேன். அரசியல் செய்தி படித்தால் ரத்த அழுத்தம் ஏறுகிறது என்று டாக்டர் சொன்னதால், இதில் ஆபத்து இருக்காது என்று நம்பி ஆரம்பித்த பழக்கம். நம்பிக்கை தவறு என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது.

ஒரு கம்பெனி புதிய போனைப் போன வருடத்துப் போனைவிட அரை மில்லிமீட்டர் மெலிதாக்கியிருக்கிறது. வாங்கியவர்கள் எல்லோரும் அதற்கு மூன்று மில்லிமீட்டர் தடிமனில் உறை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். சுற்றுச்சூழலைக் காப்பதற்காகப் பெட்டிக்குள் சார்ஜர் வைப்பதை நிறுத்திவிட்டார்கள். அந்தச் சார்ஜர் இப்போது தனிப் பெட்டியில், தனிப் பையில், தனி வண்டியில் வந்து சேருகிறது. லேப்டாப் விசைப்பலகையில் புதிதாக ஒரு விசை வைத்திருக்கிறார்கள், செயற்கை நுண்ணறிவைக் கூப்பிடுவதற்காம். என் அனுபவத்தில் அது கை தவறி அழுத்துவதற்கான விசை. அழுத்தினால், "உங்கள் கடிதத்தைச் சுருக்கித் தரட்டுமா?" என்று பணிவாகக் கேட்கிறது. தாலுகா அலுவலகத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் நீட்டி எழுதக் கற்றுக்கொண்டவனிடம் கேட்கிற கேள்வியா அது?

இந்தக் கருத்துகளை எல்லாம் கேட்டுக்கொள்ள எனக்கு ஒரே ஒருவர்தான் இருக்கிறார். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார்.

"அந்தக் கம்பெனிக்காரன் உங்ககிட்ட வந்து அபிப்பிராயம் கேட்டானா?" என்பார் என் மனைவி.

"கேக்கல."

"பெறகு எதுக்கு அவன்கிட்ட கோவப்படுதிய? வெளிய போயி ரெண்டு தேங்கா வாங்கிட்டு வாங்க."

என்னை உண்மையில் பாதித்த செய்தி ஒன்று வந்தது. என் கணினியில் இருக்கும் இயங்குதளத்தின் பத்தாம் பதிப்புக்கு இனி ஆதரவு கிடையாது, எல்லோரும் பதினொன்றுக்கு மாறிக்கொள்ள வேண்டும் என்ற செய்தி. மாறலாம் என்று போனால், என் கணினிக்கு அதற்குத் தகுதி இல்லை என்று திரையில் வந்தது. தகுதிக் குறைவு என்னவென்று பார்த்தேன். மதர்போர்டில் ஒரு சிறிய பாதுகாப்புச் சிப் இருக்க வேண்டுமாம். இந்தக் கணினி நம்பத் தகுந்தது என்று அந்தச் சிப் உள்ளேயிருந்து சான்று சொல்லுமாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இருப்பிடச் சான்று, வருமானச் சான்று, சாதிச் சான்று, வாரிசுச் சான்று என்று என் கையால் எத்தனை போயிருக்கின்றன என்று கணக்கில்லை. இந்த ஊரிலேயே பிறந்து, இந்த ஊர்ப் பள்ளியிலேயே படித்து, என்னைத் தினமும் பஸ் ஸ்டாண்டில் பார்த்து வணக்கம் சொல்கிற மனிதரிடம், "நீங்கள் இந்த ஊர்தான் என்பதற்கு ஆதாரம் எங்கே?" என்று நானே கேட்டிருக்கிறேன். விதி அப்படி. இப்போது என் கணினி அதே கவுண்டருக்கு முன்னால் நிற்கிறது. கேட்கிற நாற்காலியில் வேறு யாரோ.

பத்து பாஸானவனைப் பதினொன்றில் சேர்க்க மாட்டேன் என்றால் பள்ளிக்கூடம் மாற்றுவதுதான் வழி. கணினிக்கு இலவச இயங்குதளம் ஒன்று இருக்கிறது. லினக்ஸ் என்பார்கள். யாருக்கும் சொந்தமில்லாதது, சிப் சான்று கேட்காதது. அதை ஏற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். முடிவு செய்ததும் முதலில் செய்தது ஒரு கோப்பு திறந்ததுதான். அட்டையில் "கணினி – இயங்குதள மாற்றம்" என்று எழுதி, குறிப்புப் பக்கம் ஒன்று, கடிதப் பக்கம் ஒன்று என்று இரண்டாகப் பிரித்து, நூல் கட்டினேன். எந்தத் தேதியில் எதை அழித்தேன், எதைப் பிரதி எடுத்தேன், எந்தக் கட்டளைக்கு என்ன பதில் வந்தது என்று எழுதி வைத்தேன். மூன்று நாளில் வேலை முடிந்தது. பிரிண்டர் மட்டும் புதிய நிர்வாகத்தை ஏற்க மறுத்து ஒரு வாரம் ஒத்துழையாமை இயக்கம் நடத்தியது. பிறகு அதுவும் வழிக்கு வந்தது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், நான் மூன்று நாள் கணினியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்ததை என் மனைவி தெரு முழுவதும் சொல்லிவிட்டார். குறையாகத்தான் சொன்னார். ஆனால் கேட்ட ஒருத்தி அதைத் தகுதியாக எடுத்துக்கொண்டு ஒரு மாலை எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் அவள் கணவரின் தறிக்கூடம் இருக்கிறது. பன்னிரண்டு விசைத்தறிகள். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தால் இரவு எட்டு வரை ஓடும். எங்கள் வீட்டில் யாரும் மெதுவாகப் பேசுவதில்லை, ரகசியம் என்ற ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது. அன்றைக்கு வருகிற விருந்தாளிகள் நாங்கள் சண்டை போடுகிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அவள் தமிழில் எம்.ஏ., பி.எட். கல்யாணத்துக்கு முன்னால் தென்காசியில் ஒரு தனியார் பள்ளியில் நான்கு வருடம் ஆசிரியை. பிறகு பஸ் பயணம், பிள்ளை, மாமியாருக்கு முடியாமல் போனது என்று ஒவ்வொன்றாக வந்து வேலை நின்றுபோனது. இப்போது சென்னையில் ஒரு நிறுவனம், வெளிநாட்டில் இருக்கிற தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆசிரியர்கள் எடுக்கிறதாம். அவள் விண்ணப்பித்து, எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். மாதிரி வகுப்பு ஒன்று நடத்திக் காட்ட வேண்டும். தேறாவிட்டால் ஒரு வருடத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது.

"போன வருசம் வேற ஒரு கம்பெனிக்குப் பேசுனேன் சார்," என்றாள். "ரெண்டு நிமிசம் கூட ஆகல. நீங்க ஏதும் ஃபேக்டரில இருந்து பேசுதீங்களான்னு கேட்டுட்டு வச்சுட்டாங்க. அதோட விட்டுருந்தேன்."

"இப்ப என்ன தடை?"

கையில் இருந்த பையிலிருந்து ஒரு லேப்டாப்பை எடுத்து மேசையில் வைத்தாள். புளியங்குடியில் இருக்கும் அவள் தம்பிக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப். மூடியில் இருந்த படத்தை யாரோ பாதி சுரண்டி, பிறகு அலுத்துப்போய் விட்டிருந்தார்கள். நிறுவனத்தின் இணையப் படிவத்தில் கணினியின் இயங்குதளம் எது என்று ஒரு கேள்வி. பதில்களில் பதினொன்று இருந்தது, வேறு ஒரு கம்பெனியின் பெயர் இருந்தது. பத்து இல்லை. இந்த லேப்டாப் பத்தாம் பதிப்பிலேயே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"பஸ் ஸ்டாண்டுகிட்ட கடையில குடுத்துப் பாத்தேன். குறுக்கு வழியில பதினொண்ணு ஏத்தித் தாரேன்னு சொன்னான். சிப் இருக்கிற மாதிரி ஏமாத்திரலாமாம்."

"வேண்டாம்," என்றேன். போலிச் சான்று எந்தக் கவுண்டரில் கொடுத்தாலும் போலிதான். அதோடு, குறுக்கு வழியில் ஏற்றியது மாதிரி வகுப்பின் நடுவில் அப்டேட் கேட்டு நின்றுவிட்டால் இவள் யாரிடம் போய்ச் சொல்வாள்?

அந்த லேப்டாப்பை ஆன் செய்தபோது ஒரு கறுப்புத் திரை வந்து, இரண்டு இயங்குதளங்களில் எது வேண்டும் என்று கேட்டது. அரசு கொடுத்த லேப்டாப்புகளில் இரண்டு வைத்திருந்தார்கள். ஒன்று எல்லோரும் பயன்படுத்துவது. இன்னொன்று இலவச லினக்ஸ், யாரும் எட்டிக்கூடப் பார்க்காதது. இத்தனை வருடமும் அவள் தம்பி அந்தத் திரை வந்ததும் கீழ் அம்பை அழுத்தி அதைத் தாண்டிப் போயிருக்கிறான். நான் அதைத் திறந்தேன். பழசாகிப் போயிருந்தது. ஆனால் இடம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். அந்த இடத்தில் புதிய லினக்ஸை ஏற்றினேன். இரண்டாவது கோப்பு திறந்தேன் என்று சொல்லவும் வேண்டுமா?

இரண்டு நாளில் லேப்டாப் எழுந்து உட்கார்ந்தது. கேமரா வேலை செய்தது. மைக் வேலை செய்தது. பிரவுசரில் வீடியோ கூட்டம் வைத்து, அவள் எங்கள் கூடத்திலிருந்தும் நான் அடுக்களையிலிருந்தும் பேசிப் பார்த்தோம். என் மனைவி குறுக்கே வந்து, "இதுக்கு எதுக்கு மெசினு, நேராப் பேசினாலே கேக்குதே," என்றார்.

இப்போது படிவம். அவள் மவுஸைப் பதினொன்றின் மேல் கொண்டுபோனாள். நான் தடுத்தேன்.

"இதுல பதினொண்ணு இல்லயே."

"தெரியும் சார். ஆனா லிஸ்டுல நம்ம பேரே இல்லல்லா. ஒரு கிளிக்குதான?"

"ஒரு கையெழுத்துதானன்னு சொல்லித்தான் எங்கிட்ட எல்லாரும் வந்தாங்க."

அவள் முகம் சுருங்கியது. நான் செய்தது அதிகம் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை. தவறான தகவல் கொடுத்து வாங்கிய எதுவும் பின்னால் ஒருநாள் தணிக்கையில் வந்து நிற்கும் என்பது என் ரத்தத்தில் ஊறிய விஷயம். ஆகவே நான் ஒரு விண்ணப்பக் கடிதம் தயாரித்தேன். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை ஒன்று, பார்வை இரண்டு. "மேற்காண் படிவத்தில் வரிசை எண் ஏழில் கோரப்பட்டுள்ள விவரம் தொடர்பாக, விண்ணப்பதாரரின் கணினியில் வேறு இயங்குதளம் நிறுவப்பட்டுள்ளது என்பதையும், அதில் ஒலி, ஒளி இரண்டும் சோதித்துத் திருப்திகரமாக உள்ளன என்பதையும் பணிந்து தெரிவித்துக்கொள்வதோடு..." இணைப்பாகக் கணினித் திரையைப் பிடித்த படங்கள் நான்கு. அவளைக் கையெழுத்துப் போடச் சொல்லி, ஸ்கேன் செய்து, மின்னஞ்சலில் அனுப்பினோம். பதிவுத் தபாலில் ஒரு பிரதி அனுப்பலாமே என்றும் எனக்குத் தோன்றியது. அதையும்தான் விரைவுத் தபாலோடு சேர்த்துப் பேரை எடுத்துவிட்டார்களே. ஆதரவு நிறுத்தப்பட்டது கணினிக்கு மட்டுமல்ல.

இரண்டு நாள் பதில் இல்லை. அந்த இரண்டு நாளும் அவள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. கடிதத்தைப் பார்த்து விண்ணப்பத்தையே குப்பையில் போட்டிருப்பார்கள் என்று அவள் நினைப்பதாக என் மனைவி வழியாகத் தெரிந்தது.

"அந்தப் பிள்ள பொழப்புல நீங்க சட்டம் பேசுதிய," என்றார் என் மனைவி. "அது கிளிக் பண்ணிட்டுப் போயிருக்கும். இப்ப அழுதுட்டு இருக்கு."

அன்று மதியம் அந்தக் கடிதத்தின் நகலைக் கோப்பிலிருந்து எடுத்து இரண்டு முறை படித்தேன். அதை மனைவியிடம் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் நிறுவனத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தார். அவள் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கே ஓடி வந்துவிட்டாள், தறிச் சத்தத்துக்குப் பயந்து பின்கட்டுக்கு. போனில் பேசிய பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"மேடம், பார்வை ஒன்று, பார்வை இரண்டுன்னு எல்லாம் போட்டு ஒரு லெட்டர் வந்திருக்கு. ஆபீஸ்ல எல்லாரும் படிச்சோம். யார் எழுதினது?"

"பக்கத்து வீட்டு சார்," என்றாள் இவள், என்னைப் பார்க்காமல்.

"ஒண்ணும் பிரச்சனை இல்ல மேடம். பிரவுசர் ஓடினா போதும். அந்த லிஸ்ட்ல மத்ததெல்லாம் விட்டுப்போச்சு. நீங்க சும்மா பதினொண்ணையே செலக்ட் பண்ணிக்கோங்க."

நான் போனுக்குப் பக்கத்தில் குனிந்தேன். "வணக்கம். நீங்கள் இப்போது சொன்னதை ஒரு மின்னஞ்சலாக அனுப்பினால் நன்றாக இருக்கும்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு அந்தப் பெண், "அனுப்புறேன் சார்," என்றார். அனுப்பவும் செய்தார். அது கோப்பில் இருக்கிறது.

மாதிரி வகுப்புக்கு மூன்று நேரங்கள் கொடுத்திருந்தார்கள். முதல் இரண்டும் வார நாள்களில் மாலை, தறி உச்சத்தில் ஓடுகிற நேரம். மூன்றாவது சனிக்கிழமை பதினொன்றேகாலிலிருந்து பன்னிரண்டு வரை. மூன்றிலும் தறி ஓடும். எங்கள் வீட்டில் வைத்தாலும் அதே சுவர்தான். வேறு யார் வீட்டுக்காவது போகலாம் என்றால், எங்கள் தெருவில் தறி இல்லாத சுவர் கிடையாது. பெற்றோர் வீட்டுக்குப் போகலாமே என்றேன். அங்கே செல்போன் டவர் மாடியில்தான் கிடைக்குமாம், மாடியில் எலுமிச்சை காய்கிறதாம்.

"வீட்டுக்காரர்கிட்ட ஒரு முக்கால் மணி நேரம் நிறுத்தச் சொல்லக்கூடாதா?" என்று கேட்டேன்.

"கேக்க மாட்டேன் சார். போன வருசமே, சிங்கப்பூர்ல இல்லாத வாத்தியாரா, இங்கன இருந்து நீ போயி அங்கன சொல்லிக் குடுக்கணுமாக்கும்னு சிரிச்சாங்க. அவுங்க ஆர்டர் வேற இந்த மாசம் முடிக்கணும். பன்னெண்டு தறி நிக்கது என் பேச்சுனாலன்னு வரக்கூடாது."

அந்தச் சனிக்கிழமைக்கு விடை நாங்கள் இதைப் பேசிய அன்று காலைச் செய்தித்தாளின் நான்காம் பக்கத்திலேயே இருந்தது. மாதாந்திரப் பராமரிப்புக்காக எங்கள் பகுதியில் அந்தச் சனிக்கிழமை காலை ஒன்பது முதல் பிற்பகல் இரண்டு வரை மின்தடை. இந்த அறிவிப்பை எல்லோரும் சலித்துக்கொண்டு படிப்பார்கள். நான் வெட்டி வைத்துக்கொள்கிறவன். இந்தத் தெருவில் சத்தம் இல்லாத ஒரே நேரம் கரண்ட் இல்லாத நேரம். இணைய வகுப்புக்கு உலகத்தில் எல்லோரும் மின்தடை இல்லாத நாளைத் தேடுவார்கள். நாங்கள் மின்தடையைப் பார்த்து நேரம் குறித்தோம்.

அதற்கான ஏற்பாடுகளைச் சொன்னால் நீளும். சுருக்கமாக: லேப்டாப்பின் பேட்டரி இருபது நிமிடம்தான் தாங்கும் என்பதால் அவர்கள் வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டினோம். இன்வெர்ட்டருக்கும் வயதாகிவிட்டதால் ஃபேன், லைட் எல்லாம் அணைத்து, லேப்டாப்புக்கு மட்டும் என்று வைத்தோம். கரண்ட் போனால் பிராட்பேண்டும் போய்விடும். ஆகவே செல்போன் வழியாக இணையம். இரண்டு வேறு கம்பெனி சிம், அவளுடையது ஒன்று, என்னுடையது ஒன்று. ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி மேசையைத் திருப்பினோம். அவள் கணவருக்கு இது எதுவும் தெரியாது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. தறிகள் ஒரே நேரத்தில் நின்றன. தினமும் கேட்கிற சத்தம் நின்றால் காதில் ஒரு அடைப்பு மாதிரி இருக்கும். பதினொன்றேகாலுக்கு அவள் மாடி அறையில் மேசை முன்னால் உட்கார்ந்தாள். நான் கதவுக்கு வெளியே, கேமராவில் படாத இடத்தில், இரண்டாவது போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில்.

திரையில் சிங்கப்பூரில் இருந்து ஒரு சிறுமி. ஏழு வயது இருக்கும். இன்னொரு சதுரத்தில் நிறுவனத்தின் பார்வையாளர், கேமரா இல்லாமல், பெயர் மட்டும்.

"ஆன்ட்டி, உங்க ரூம் ஏன் டார்க்கா இருக்கு?" என்றது அந்தக் குழந்தை.

"கரண்ட் போயிருச்சும்மா."

"எங்க போச்சு?"

நான் வெளியே உட்கார்ந்தபடியே உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவள் சிரித்தாள். "வேலைக்குப் போயிருக்கு. கம்பி எல்லாம் சரி பண்ணிட்டு ரெண்டு மணிக்கு வந்துரும். இப்ப நீ சொல்லு, உங்க வீட்ல யாரெல்லாம் எங்க போயிருக்காங்க?"

"அப்பா ஆபீஸ் போச்சு."

"கரண்டுதான் போச்சு. அப்பா...?"

"போயிட்டாங்க," என்றது குழந்தை, கொஞ்சம் யோசித்து. அப்படியே பாட்டி எங்கே, நாய்க்குட்டி எங்கே, பள்ளிக்கூட பஸ் எங்கே என்று போனது. தயாரித்து வைத்திருந்த பாடத்தை அவள் எடுக்கவே இல்லை. பி.எட்.டில் இதை எந்தப் பேப்பரில் சொல்லித் தருகிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

பதினொன்று நாற்பதுக்குக் கீழே அடுக்களையில் ஃபிரிட்ஜ் உறுமியது.

கரண்ட் வந்துவிட்டது. இரண்டு மணி என்று போட்டால் இரண்டேகாலுக்கு வருவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு மணி நேரம் முன்னால் வந்ததைப் பார்த்ததில்லை. அவளும் ஃபிரிட்ஜைக் கேட்டுவிட்டாள். முகத்தில் சிரிப்பு அப்படியே இருக்க, கண் மட்டும் கதவுப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தது. எங்கள் இரண்டு பேருக்கும் அடுத்தது என்னவென்று தெரியும்.

தெருக்கோடியில் ஒரு தறி ஆரம்பித்தது. அப்புறம் இன்னொன்று. எதிர்வரிசையில் நாலைந்து சேர்ந்தன. தூரத்தில் கேட்கிற சத்தம், மைக்கில் ஏறாது. நான் பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டு நிமிடம். சுவரில் ஒரு அதிர்வும் இல்லை.

இரண்டாவது போனைக் கதவருகே வைத்துவிட்டு, செருப்புப் போடாமல் படி இறங்கினேன்.

தறிக்கூடத்துக்குள் ஆறு பேர் ஆளுக்கொரு தறிப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் கணவர் மெயின் சுவிட்சுக்குக் கீழே, ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். தலையில் பஞ்சுத் துணுக்கு.

"அண்ணாச்சி, கரண்ட் வந்துட்டுல்லா," என்றான் ஒருவன்.

"தெரியும்லே. எனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

"பெறகு போட வேண்டியதான?"

"டீ குடி."

"இப்பந்தான குடிச்சோம்."

"இன்னொண்ணு குடி. நான் வாங்கித் தாரேன்."

"ஆர்டர் முடிக்கணும்னு காலையில நீருதான வே கத்துனீரு?" என்றார் வயதான ஒரு தறிக்காரர்.

"கத்துனேன். இப்ப கத்தலல்லா? நீரும் கத்தாதேயும்."

என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். குரலைத் தாழ்த்தினார், அது எங்கள் தெருவில் யாருக்கும் பழக்கமில்லாத காரியம். "இன்னும் எவ்வளவு நேரம் சார்?"

"பன்னெண்டு வரைக்கும்."

கடிகாரத்தைப் பார்த்தார். "பேசுதாளா?"

"பேசுதாங்க."

"நல்லாப் பேசுதாளா?"

"அந்தப் புள்ள சிரிக்குது," என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். இன்வெர்ட்டரில் புது ஒயர் தொங்குவதைப் பார்க்காமல் ஒரு தறிக்காரர் இருப்பார் என்று நாங்கள் எப்படி நினைத்தோம் என்று தெரியவில்லை.

பன்னிரண்டு அடித்துச் சில நிமிடங்கள் கழித்து அவள் படியிறங்கி வந்தாள். கூடத்தின் வாசலில் நின்று, சும்மா நிற்கிற பன்னிரண்டு தறிகளையும், கையில் டீ கிளாஸோடு இருந்த ஆறு பேரையும், எரிந்துகொண்டிருந்த டியூப்லைட்டையும் பார்த்தாள்.

"முடிஞ்சுட்டு," என்றாள். "போடச் சொல்லுங்க."

அவர் சுவிட்சைப் போட்டார். அதற்குமேல் யார் என்ன பேசியிருந்தாலும் கேட்டிருக்காது.

செவ்வாய்க்கிழமை மின்னஞ்சல் வந்தது. தேர்வாகிவிட்டாள். ஆறு மாதம் தகுதிகாண் பருவம். அதற்குள் நிறுவனம் குறிப்பிடும் தரத்தில், பதினொன்று உள்ள கணினி ஒன்றை ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்று கடைசி வரியில் ஒரு நிபந்தனை. அந்த வரியைப் படித்ததும் எனக்குக் கை பரபரத்தது. முக்கால் மணி நேரம் ஒரு தடங்கல் இல்லாமல் ஓடிய இயந்திரம். பிரவுசர் ஓடினால் போதும் என்று அவர்களே எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். பார்வை ஒன்றாக அதையே காட்டி மேல்முறையீடு செய்யலாம். மனதுக்குள் முதல் பத்தி தயாராகிவிட்டது.

மறுநாள் மாலை அவள் கணவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு வெள்ளைத் தாள்.

"சார், பதினொண்ணு உள்ளதுல எந்த லேப்டாப்பு நல்லா இருக்கும்? எழுதிக் குடுங்க. திருநெல்வேலி போகும்போது வாங்கிட்டு வந்துருதேன்."

அந்தப் பழைய லேப்டாப் இன்னும் ஐந்து வருடம் உழைக்கும் என்பது என் கருத்து. அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, தாளை வாங்கி எழுதினேன். நினைவகம் எவ்வளவு, உள்ளே என்ன மாதிரி டிஸ்க், கடையிலேயே ஒரு பக்கம் தட்டச்சு செய்து பார்க்கச் சொல்ல வேண்டும், கேமராவை இருட்டில் சோதிக்க வேண்டும், பில்லை அவள் பெயரில் போட வேண்டும்.

"வகுப்பு நேரமெல்லாம் எப்படி?" என்று கேட்டேன்.

"அமெரிக்காப் புள்ளையளுக்கு விடியக்காலம் அஞ்சரைல இருந்து ஏழு. அதுக்குத் தறி தொந்தரவு இல்ல. சிங்கப்பூருக்கு மட்டும் சனிக்கிழம பதினொண்ணுல இருந்து பன்னெண்டு. அன்னைக்கு ஆளுகளுக்குச் சாப்பாட்டு நேரத்தையே மாத்திட்டேன்."

"ஒத்துக்கிட்டாங்களா?"

"பதினோரு மணிக்கு எவனுக்கு வே பசிக்கும்னு கேக்கான். பசிக்கும், பழகிருவான்."

"வாயால சொன்னா ரெண்டு வாரம்தான் நிக்கும். எழுதி ஒட்டிருங்க," என்றேன்.

"நீங்களே எழுதிக் குடுத்துருங்களேன் சார்."

ஒரு தாள் எடுத்து, பெரிய எழுத்தில் எழுதினேன்: "அறிவிப்பு. சனிக்கிழமைகளில் உணவு இடைவேளை முற்பகல் 11 முதல் 12 வரை. இந்நேரத்தில் தறிகள் இயங்கா."

வாங்கிப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

"காரணம் போடலியே சார்?"

"அறிவிப்புல காரணம் போடுறது வழக்கமில்ல."

"இல்ல சார். போடுங்க."

தாளைத் திரும்ப வாங்கி, கீழே ஒரு வரி சேர்த்தேன்: "மாடியில் தமிழ் வகுப்பு நடைபெறுவதால்." அது இப்போது மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.